வெள்ளை அடைப்பின் ஓரத்தில் ஒரு மயிரிழை



"சொத்தைப் பல்லை அடைத்தாயிற்றே, இரண்டு வருஷத்தில் மறுபடியும் ஏன் கூசுகிறது?" சபைகளுக்குப் போகும்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விசேஷமாக, பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் வெள்ளை அடைப்பைக் குறித்துக் கேட்கிறார்கள். நான் பல் வைத்தியன் அல்ல. வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையே எழுதுகிறேன். பல வேளைகளில் குறை அடைப்பின் நடுவில் இல்லை, அது பல்லோடு சேரும் ஓரத்தில் இருக்கிறது.

குருவிகுளத்துக் கரிசல் காட்டை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழையில் ஊறிய மண் கோடையில் காய்ந்து சுருங்கும்போது, நட்ட கல்லைச் சுற்றி விரிசல் விடுகிறது அல்லவா? காம்போசிட் என்னும் வெள்ளை அடைப்பும் அப்படித்தான். முதலில் அது பசைபோல் இருக்கும். நீல ஒளி பட்டதும் இறுகி, கன அளவில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு சுருங்கும். சொற்பந்தான். ஆனால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இடைவெளி விட்டாலும், சொத்தைக் கிருமி தாராளமாய் நுழையும். அது அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சிறியது. சூடான காப்பியும் பானைத் தண்ணீரும் மாறி மாறிப் படும்போது, அடைப்பு பல்லைவிட அதிகமாக விரிந்து சுருங்கி அந்த ஓரத்தை மேலும் இழுக்கிறது.

இதைத் தடுக்க வழி காட்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாய்ப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவும் வழக்கத்தை அறிந்து, அதையே பல்லின் எனாமலில் செய்து பார்த்து 1955-இல் வெளியிட்டார். அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்குகிறது. பசை அவற்றில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினோ ஈரமானது. அங்கே பிடிப்பு அத்தனை உறுதியல்ல. ஆகவே ஈறுக்கு அருகில், எனாமல் மெலிந்துபோன இடத்தில்தான் கசிவு அதிகம்.

ஒரு துளி உமிழ்நீர் பட்டாலும் ஒட்டுதல் கெடும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புக் கட்டி, பசையை மெல்லிய அடுக்குகளாய் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குவது இதற்காகவே. "ஒரு பல்லுக்கா இத்தனை நேரம்?" என்போருக்கு இதுவே பதில்.

பழைய வெள்ளி அடைப்பும் தொடக்கத்தில் கசியும். ஆனால் நாளடைவில் அதில் உண்டாகும் துருவே இடைவெளியை அடைத்துவிடும். அதில் பாதரசம் இருப்பதால், 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அதன் உபயோகத்தைக் குறைக்கச் சொல்லுகிறது. ஈரத்தை விலக்க முடியாத இடங்களிலும் சிறுபிள்ளைகளுக்கும் கிளாஸ் அயனோமர் உதவுகிறது. பலம் குறைவுதான், ஆனாலும் பல்லோடு தானாகவே ஒட்டி, புளூரைடையும் சிறிது சிறிதாய் விடுகிறது. மின்சாரமில்லாத கிராமங்களில் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் தொடங்கியது.

அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு கண்டவுடன் "எடுத்துவிடுங்கள்" என்று கேட்க வேண்டாம். வெற்றிலையும் காப்பியும்கூட அந்தக் கறையைத் தரும். எடுத்து மறுபடி அடைக்கும்போதெல்லாம் நல்ல பல்லும் சிறிது போகிறது. மெருகேற்றினாலோ அந்த ஓரத்தை மட்டும் செப்பனிட்டாலோ பலவேளை போதும். ஓரம் மெத்தென்று இருந்தாலும், இனிப்புப் பட்டதும் கூசினாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். வலி வரும்வரை காத்திருந்தால் சொத்தை பல்லின் நரம்புவரை போயிருக்கக்கூடும்.