கழிக்கத் தெரிந்தவருக்கே ரம்மி

கல்யாணத்துக்கு முந்தின இரவு, பந்தி ஓய்ந்த பிறகு, மண்டபத்தின் மாடியில் ஒரு ஜமக்காளம் விரியும். இரண்டு சீட்டுக்கட்டுகள் வரும். பெரியப்பாக்களும் மாமாக்களும் வட்டமாக உட்காருவார்கள். நம் ஊரில் பலர் ரம்மியைக் கற்றுக்கொண்டது இப்படி யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத்தான். விதிகளை வரிசையாகச் சொல்லித்தர அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது. "உட்காரு, ஆட ஆட வந்துடும்" என்பார்கள். ஆட ஆட விதிகள் வந்துவிடும்தான். ஆனால், தவறான பழக்கங்களும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் ஆடியவர்களின் கையிலும் முதல் நாள் தவறுகளைப் பார்க்க முடிவது அதனால்தான்.

ரம்மி எப்படிப்பட்ட ஆட்டம் என்பதை உச்ச நீதிமன்றமே ஒருமுறை ஆராய்ந்திருக்கிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியது தொடர்பாக எழுந்த ஆந்திரப் பிரதேச அரசு - கே.சத்தியநாராயணா வழக்கில், 1967-ல் தீர்ப்பு வந்தது. மூன்று சீட்டு ஆட்டம்போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதல்ல, அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றது நீதிமன்றம். அதற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைக் கையில் பிடிப்பது, எதைக் கழிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாக ஆடுபவர்கள் தடுமாறுவதும் சரியாக இந்த இரண்டு இடங்களில்தான். வரும் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போகும் சீட்டைப் பார்க்க மாட்டார்கள். நம் வீடுகளில் ஆடப்படும் 13 சீட்டு ரம்மியை வைத்து அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரிஜினல் இல்லாமல் ஓடுவது

ஜோக்கர் உதவியின்றி ஒரே இனத்தில் தொடர்ச்சியாக மூன்று சீட்டாவது சேர வேண்டும். அதுதான் ஒரிஜினல் ரம்மி. அதோடு இன்னொரு தொடர் வேண்டும். அதில் ஜோக்கர் இருக்கலாம். மற்றவை தொடராகவோ, ஒரே எண் வேறு வேறு இனங்களில் சேர்ந்த செட்டாகவோ இருக்கலாம். இந்த விதி எல்லோருக்கும் தெரியும். ஒரிஜினல் இல்லாத கைக்கு மதிப்பே இல்லை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கையைப் பாருங்கள். டைமன், கிளாவர், இஸ்பேட் என மூன்று எட்டு. ஆர்ட்டினில் ஜாக்கி, ராஜா, நடுவில் ராணிக்குப் பதிலாக ஒரு ஜோக்கர். இஸ்பேட் 4, 5. மீதி டைமன் ராணி, கிளாவர் ஏஸ், ஆர்ட்டின் 3, கிளாவர் 6, டைமன் 9. பார்த்தால் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்ட கைபோலத் தெரியும். இந்த நேரத்தில் எதிராளி தன் கை சேர்ந்துவிட்டது என்று டிக்ளேர் செய்தால், ஒரிஜினல் இல்லாததால் எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும். ஏஸுக்கும் படச் சீட்டுகளுக்கும் தலா 10 என்று கூட்டினால் 91 வரும். உச்ச வரம்பு 80 என்பதால் முழு 80 புள்ளியும் தலையில் விழும்.

அதே கையில் டைமன் ராணி போய் இஸ்பேட் 6 வந்திருந்தால் 4, 5, 6 ஒரிஜினல் ஆகியிருக்கும். ஜோக்கர் தொடருக்கும் எட்டுச் செட்டுக்கும் அந்த நிமிடமே உயிர் வந்திருக்கும். எண்ண வேண்டியது நான்கே சீட்டு, 28 புள்ளி. ஒரே ஒரு சீட்டு 80-ஐ 28 ஆக்கிவிடுகிறது. ஆகவே, முதல் சில சுற்றுகளில் எடுப்பதும் கழிப்பதும் ஒரிஜினலுக்காகவே இருக்க வேண்டும். அது அமையும் முன் செட் சேர்க்கப் போவது வீண் வேலை.

ஜோக்கரை வைத்துக்கொண்டு திணறுவது

ஜோக்கர் வந்தால் புதியவருக்கு உற்சாகம் தாங்காது. கிடைத்த ஜோடியோடு உடனே சேர்த்து ஒரு செட்டாக்கிவிடுவார். இரண்டு ஜோக்கர் வந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் செருகுவார். தானாகவே சேரக்கூடிய 7, 8 போன்ற ஜோடிக்கு ஜோக்கரைக் கொடுப்பது ஆடம்பரம். அதற்கு 6 வந்தாலும் போதும், 9 வந்தாலும் போதும். நடுச்சீட்டு ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருக்கும் ஜாக்கி, ராஜா போன்ற ஜோடிக்குத்தான் ஜோக்கர் தேவை.

வெட்டு ஜோக்கரைப் பற்றி இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இஸ்பேட் 7 ஜோக்கராக வெட்டப்பட்டால் எல்லா ஏழும் ஜோக்கர்தான். ஆனாலும் ஆர்ட்டின் 6, 7, 8 கையில் இருந்தால், அந்த ஏழு தன் சொந்த இடத்திலேயே நிற்பதால் அது ஒரிஜினல்தான். இதை அறியாமல், கையில் தயாராக இருக்கும் ஒரிஜினலைக் கலைத்து வேறெங்கோ தேடுபவர்கள் உண்டு.

ஏழு ஜோக்கரான ஆட்டத்தில் 6, 8 ஆகியவற்றின் நிலையும் மாறிவிடும். ஏழு கிடைத்தவர் அதைப் பெரும்பாலும் ஜோக்கராகவே பயன்படுத்துவார். அதனால் ஏழைச் சுற்றியுள்ள சீட்டுகளுக்கு ஒரிஜினல் அமையும் வாய்ப்பு குறைகிறது. அவற்றைக் கழித்தால் எதிராளி எடுப்பதற்கான வாய்ப்பும் குறைவு.

காத்திருப்புக்குக் கணக்கு பார்க்காதது

இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. இதை மனதில் வைத்தால் கணக்கு எளிது. இஸ்பேட் 7, 8 கையில் இருந்தால் 6 அல்லது 9, ஆக மொத்தம் நான்கு சீட்டுகள் உங்களுக்கு உதவும். 7, 9 இருந்தால் எட்டு மட்டும்தான், இரண்டே சீட்டு. ஏஸ், 2 இருந்தாலும் மூன்று மட்டும்தான். ராஜாவுக்கு அப்புறம் ஏஸ், அதற்கு அப்புறம் 2 என்று சுற்றி வர விதி கிடையாது.

இப்போது இஸ்பேட் 7, 8 உடன் ஆர்ட்டின் 8 ஒன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இஸ்பேட் 6, 9 வந்தால் தொடர். டைமன் 8, கிளாவர் 8 வந்தால் செட். இப்போது எட்டு சீட்டுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. ஒரு சீட்டைக் கூடுதலாகப் பிடித்ததில் வாய்ப்பு இரட்டிப்பாகிவிட்டது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கழிக்காமல் பிடித்து வைப்பது இப்படி இரண்டு பக்கமும் கை கோக்கும் சீட்டுகளைத்தான். தனியாக நிற்கும் சீட்டைத்தான் முதலில் அனுப்புவார்கள்.

இஸ்பேட் எட்டே இரண்டு வந்தால் செட்டுக்குப் பாதி வந்துவிட்டது என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கும் பிழை. செட்டில் ஒவ்வொரு சீட்டும் வேறு வேறு இனமாக இருக்க வேண்டும். இரண்டாவது இஸ்பேட் எட்டு அங்கே சுமைதான்.

ராஜா, ராணி மோகம்

ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி நான்குக்கும் தலா 10 புள்ளி. ஆர்ட்டின் ராணி, ராஜா ஜோடிக்கு ஜாக்கி அல்லது ஏஸ், அதாவது நான்கு சீட்டு உதவும். ஆர்ட்டின் 5, 6 ஜோடிக்கும் 4 அல்லது 7, அதே நான்கு சீட்டுதான். வாய்ப்பு சமம். ஆனால், சேராமல் போனால் முதல் ஜோடிக்கு 20, இரண்டாவதற்கு 11. ஒரே வாய்ப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கொடுத்து ஏன் காத்திருக்க வேண்டும்?

அதற்காகப் பெரிய சீட்டு எதையும் பார்த்தவுடனே வீசிவிட வேண்டும் என்பதில்லை. முதல் சுற்றுகளில் எல்லோரும் பெரிய சீட்டுகளைத்தான் இறக்குவார்கள். நமக்கு வேண்டிய ஜாக்கி அப்போதே விழக்கூடும். இரண்டு மூன்று சுற்று பார்க்கலாம். அதற்குள் வராவிட்டால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். "இத்தனை நேரம் வைத்திருந்தேனே, இன்னும் ஒரு சுற்று" என்ற நினைப்புதான் ஆட்டத்தின் முடிவில் 40, 50 புள்ளிகளாகக் குவிகிறது.

திறந்த சீட்டு சொல்லும் சேதி

கவிழ்த்த கட்டிலிருந்து நீங்கள் எடுப்பது யாருக்கும் தெரியாது. திறந்த சீட்டை எடுத்தால், உங்கள் கையின் ஒரு மூலையை எல்லோருக்கும் காட்டிவிட்டீர்கள் என்று பொருள். ஒருவர் ஆர்ட்டின் 8 எடுத்தார் என்றால் அவருக்கு ஆர்ட்டின் 6, 7, 9, 10 அல்லது வேறு எட்டுகளோடு வேலை இருக்கிறது. புதியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு சுற்று கழித்து, தனக்கு வேண்டாத ஆர்ட்டின் 9-ஐ அவருக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்.

எதிராளி கழிப்பதும் சேதிதான். அவர் ஆர்ட்டின் 8-ஐ இறக்கினால் ஆர்ட்டின் 7, 9 அவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அவற்றை ஓரளவு நம்பிக் கழிக்கலாம். இஸ்பேட் ஒன்பது இரண்டும் விழுந்துவிட்டன என்றால் உங்கள் இஸ்பேட் 7, 8 இனி ஆறுக்கு மட்டும்தான் காத்திருக்கிறது. நான்கு இரண்டாகிவிட்டது. அதைக் கவனித்தவர் திட்டத்தை மாற்றுவார். கவனிக்காதவர் வராத சீட்டுக்காக உட்கார்ந்திருப்பார்.

விழுந்த சீட்டு அத்தனையையும் மனப்பாடம் செய்வது ஆரம்பத்தில் யாராலும் முடியாது. உங்கள் கைக்கு வேண்டிய நான்கைந்து சீட்டுகளை மட்டும் மனத்தில் வையுங்கள். உங்களுக்கு அடுத்து ஆடுபவர் எடுத்ததையும் இறக்கியதையும் மட்டும் பாருங்கள். நீங்கள் கழிப்பதை முதலில் எடுக்கும் உரிமை அவருக்குத்தான் இருக்கிறது.

ஸ்கூட் சொல்லத் தயங்குவது

விதிகள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். பரவலான கணக்குப்படி, முதல் சீட்டு எடுக்கும் முன் ஸ்கூட் சொல்லி விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, கடைசிவரை இருந்து தோற்றால் அதிகபட்சம் 80. ஜோக்கர் இல்லை, ஒரிஜினல் இல்லை, ஒன்றோடொன்று ஒட்டும் ஜோடிகளும் இல்லை என்றால் அந்தக் கையை 20-க்கு விட்டுவிடுவதுதான் நல்ல ஆட்டம். "ஆடிப் பார்க்கலாமே" என்று தொடங்கி, பாதியில் பயந்து 40-க்கு விலகுவது இரண்டும் கெட்டான் வேலை. விலகுவதைத் தோல்வியாக நினைக்கும் கௌரவப் பிரச்சினைதான் இதற்குக் காரணம். தொடர்ந்து நான்கு கை விலகினாலும் 80 புள்ளிதான். மோசமான ஒரு கையை முழுதாக ஆடித் தோற்றாலும் அதே 80.

அவசர டிக்ளேர்

வெற்றி கைக்கு எட்டியதும் பதற்றம் வரும். ஒரு ஒரிஜினல், மூன்று செட் வைத்துக்கொண்டு, இரண்டாவது தொடர் இல்லாமலே டிக்ளேர் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்ட்டினையும் டைமனையும் மாற்றிப் பார்த்து, இரண்டும் சிவப்பு என்பதால் தொடர் சேர்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தவறான டிக்ளேருக்கு முழு 80. ஜெயித்திருக்க வேண்டிய கையில் அதிகபட்சத் தோல்வி. இதற்குத் தீர்வு எளிது. கையில் அடுக்கும்போது சிவப்பு இனம், கறுப்பு இனம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். இறக்கும் முன் ஒரிஜினல் எது, இரண்டாவது தொடர் எது, மீதி என்ன என்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு

திறமை ஆட்டம் என்றால் திறமைசாலி பணம் சம்பாதிக்கலாம் என்று நினைப்பதுதான் அது. 1967 தீர்ப்பு ஆட்டத்தின் இயல்பைச் சொன்னது. யாருக்கும் வருமானத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. கலைத்து வைத்த கட்டில் அடுத்த சீட்டு எது என்று எந்தத் திறமைசாலிக்கும் தெரியாது. பணம் கட்டி ஆடும் செயலிகளில் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொண்டது. அப்படியானால் ஆடியவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட பணத்தைவிட, எல்லோரும் சேர்ந்து எடுத்த பணம் குறைவாகத்தான் இருக்க முடியும். இது கூட்டல் கழித்தல்தான்.

விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடனில் மூழ்கிய குடும்பங்களைத் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022-ல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியை அதிர்ஷ்ட விளையாட்டாக அதில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகாமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. சட்டம் எப்படி இருந்தாலும், மோசமான கையை விட்டுவிடப் பழகிக்கொள்ளச் சொல்லும் ஒரு விளையாட்டில், விட்ட பணத்தைத் துரத்துபவர் அதன் முதல் பாடத்தையே கற்கவில்லை.

ரம்மி கற்க ஆசைப்படுபவர்கள் வீட்டில் நான்கு பேராக உட்காருங்கள். புள்ளிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளைக் கலைத்துவிடாமல், ஜெயித்தவரிடம் "இந்தச் சீட்டை எதனால் கழித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதில்களில்தான் ரம்மி இருக்கிறது. காசு மட்டும் வைக்காதீர்கள். காசில்லாமலே இந்த ஆட்டம் போதுமான அளவு சுவையானது.