குழந்தைகளுடன் பலூன் விழாவிற்கு

பொங்கல் விடுமுறைக்குத் தமிழகம் திரும்பும் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு, அண்மை ஆண்டுகளில் காணத்தக்க புதுக் காட்சியொன்று வாய்த்திருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்துப் பொள்ளாச்சியில், தை பிறக்கும் நாட்களை ஒட்டி, வெப்பக்காற்றுப் பலூன்களின் விழா நடைபெறுகிறது. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்விழா, 2025ஆம் ஆண்டில் பத்தாம் முறையாக நிகழ்ந்தபோது, சென்னையை அடுத்த திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை ஆகிய மூன்று ஊர்களுக்குப் பரவிற்று. பல நாடுகளினின்றும் ஓட்டுநர்கள் தத்தம் பலூன்களுடன் வந்து கூடுகின்றனர்.

இதன் படங்கள் டெல்லியிலும் நாக்பூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம் இல்லங்களை எட்டிவிடுகின்றன. படத்தைக் கண்ட குழந்தை 'நாமும் போவோம்' என்கிறது. தந்தையும் சற்றும் யோசியாமல் 'ஆகட்டும்' என்றுவிடுகிறார். இடர் அங்கேதான் தொடங்குகிறது. குறித்த நாளில் பலூன் பறக்கும் என்று வாக்களிக்க விழா நடத்துவோராலும் இயலாது, ஓட்டுநராலும் இயலாது. அது காற்றின் வசத்தில் உள்ளது. ஏன் அவ்வாறு என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்து, குழந்தைக்கும் எட்டும் வகையில் சொல்லிவைத்தல் நலம். இவ்வுரையின் நோக்கம் அதுவே.

எண்ணெய் நீரின்மேல் மிதப்பதைக் குழந்தைகள் அடுக்களையிலேயே கண்டிருப்பர். எண்ணெய் இலேசானது, ஆகையால் மேலே வருகிறது. சூடேறிய காற்றும் அவ்வாறே குளிர்ந்த காற்றின்மேல் மிதக்கிறது. கணக்கைப் பெரியோருக்காகச் சொல்வோம். 20 டிகிரி வெப்பமுள்ள காற்று, கன மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,200 கிராம் எடையுள்ளது. அதனையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் எடை 950 கிராமாகக் குறைகிறது. மிச்சமான 250 கிராமே பலூனைத் தூக்கும் வலிமை. சிலர் ஏறிச் செல்லும் பலூனின் பை 2,800 கன மீட்டர் கொள்ளும் எனின், அது தூக்கக்கூடியது 700 கிலோகிராம். பை, கூடை, எரிவாயு உருளைகள் ஆகியவற்றின் எடை போக, எஞ்சியதே மனிதருக்கு. ஒரு சிறு அறையளவு காற்றால் ஒரு குழந்தையைக்கூடத் தூக்க இயலாது என்பதால்தான், பலூன் ஒரு மாளிகையைப் போல் அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

இக்கணக்கிலிருந்தே மற்றோர் உண்மையும் விளங்கும். வெளிக்காற்று 35 டிகிரியாகச் சூடேறிவிட்டால், அதே பலூனின் வலிமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அன்றியும், கதிரவன் ஏறியபின் நிலம் சூடாகி, அதனின்று காற்று சுழன்று எழத் தொடங்கும். இவ்விரண்டு காரணங்களாலும் பலூன்கள் விடியற்காலையிலேயே புறப்படுகின்றன. காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு சாவகாசமாகச் செல்வோர் காண்பது, மடித்துக் கட்டிய துணி மூட்டைகளையே.

1783ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் காகிதத் தொழில் செய்துவந்த மாங்கோல்ஃபியே சகோதரர் இருவர் இதனை முதலில் உலகறியச் செய்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் வெர்சேல்சு அரண்மனையில், மன்னர் காண, அவர்களது பலூன் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகிய மூன்றையும் ஏற்றிச் சென்று உயிருடன் இறக்கிற்று. இந்தக் கதையைச் சொல்லாமல் எந்தக் குழந்தையையும் பலூன் விழாவிற்கு அழைத்துச் செல்லலாகாது என்பது எங்கள் துணிபு. நவம்பர் 21ஆம் நாள் மனிதர் இருவர் பாரிசு நகரின்மேல் பறந்தனர். ஈர வைக்கோலையும் கம்பளியையும் எரித்து எழும் அடர்ந்த புகையே பலூனைத் தூக்குவதாகச் சகோதரர்கள் எண்ணியிருந்தனர். தமிழிலும் முன்பு பலூனைப் 'புகைக்கூண்டு' என்று எழுதியதுண்டு. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அச்சொல்லின்மீது தனிப் பற்றுண்டு. பொருளால் பிழையாயினும், சொல் அழகியது.

வைக்கோலை மூட்டிப் பறப்பது இடையில் வழக்கொழிந்தது. எரிவாயு உருளையையும் அதற்கேற்ற பர்னரையும் கூடையிலேயே கொண்டு செல்லும் இன்றைய முறையை அமெரிக்காவில் எட் யோசுட் என்பவர் 1960ஆம் ஆண்டு அக்டோபரில் பறந்து காட்டினார். அதன் பின்னரே இது பொழுதுபோக்காகவும் விழாவாகவும் வளர்ந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் இன்று உலகப்புகழ் பெற்றுள்ள விழா, 1972இல் 13 பலூன்களுடன் தொடங்கியதே. நம் நாட்டவரும் இத்துறைக்குப் புதியவரல்லர். 2005ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து வெப்பக்காற்றுப் பலூனில் எழும்பி, 21,027 மீட்டர் உயரத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார்.

இனி, காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலூனுக்குச் சுக்கானும் இல்லை, துடுப்பும் இல்லை. ஓட்டுநர் செய்யக்கூடியவை இரண்டே. தீயைக் கூட்டி மேலே செல்லலாம். உச்சியிலுள்ள திறப்பைக் கயிற்றால் இழுத்துச் சூடான காற்றை வெளியேற்றிக் கீழே இறங்கலாம். பக்கவாட்டில் எங்குச் செல்வது என்பது காற்றின் விருப்பம். ஆயினும் உயரத்திற்கு உயரம் காற்றின் திசை வேறுபடும். தேர்ந்த ஓட்டுநர் வேண்டிய திசையில் வீசும் அடுக்கைத் தேடி ஏறியும் இறங்கியும் தம் வழியை ஓரளவு அமைத்துக்கொள்கிறார். ஆல்புகர்க்கியில் சில காலைகளில் கீழ்க்காற்று தெற்கேயும் மேற்காற்று வடக்கேயும் செல்வதால், புறப்பட்ட இடத்தருகே திரும்பி வந்து இறங்குவதும் உண்டு.

பொள்ளாச்சியின் நிலை வேறு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து, 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற பாலக்காட்டுக் கணவாயாக நிற்கிறது. பொள்ளாச்சி அதன் கீழ்வாயிலில் அமைந்த ஊர். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் காற்று இவ்வாயிலினுள் நெருங்கிப் புகுந்து விரைகிறது. ஆகவே பொள்ளாச்சியில் எழுந்த பலூன் மாநில எல்லையைக் கடந்து கேரளம் சென்றுவிடுதல் வியப்பன்று. 2025ஆம் ஆண்டு விழாவின்போது யானை வடிவப் பலூனொன்று பாலக்காட்டு மாவட்டத்து நெல் வயலில் இறங்கிற்று. அவ்வூர்ச் சிறுவர்களுக்கு அன்று கிடைத்த பொங்கற் பரிசை எண்ணினால் நமக்குச் சற்றே பொறாமை உண்டாகிறது.

நாங்கள் சென்றிருந்தபோது எங்களுடன் எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும், பயிர்த்தொழிலில் வாழ்ந்த அவர்களுடைய பாட்டியாரும் வந்திருந்தனர். முதல் நாள், இருள் பிரியுமுன்னரே திடலை அடைந்தோம். ஓட்டுநர்கள் கையளவுச் சிறு பலூனொன்றைப் பறக்கவிட்டு அண்ணாந்து நோக்கினர். அது சிறிது தூரம் நேரே எழுந்து, பின்னர் யாரோ பிடித்து இழுத்தாற்போல் மேற்கே பாய்ந்து மறைந்தது. மேற்காற்றின் விரைவை அறியும் வழி இதுவே. ஓட்டுநர்கள் கூடிப் பேசினர். மீண்டும் ஒன்றை விட்டனர். அதுவும் அவ்வாறே ஓடிற்று. அன்று பறத்தல் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தனர்.

சுற்றிலும் குழந்தைகளின் அழுகுரல் கேட்டது. பெரியோர் சிலர் கட்டணத்தைப் பற்றி உரக்க வாதிட்டனர். எங்கள் மகளின் உதடும் துடித்தது. "அப்பா, நாளை மறுநாள் நாம் டெல்லிக்கு ரயில் ஏறிவிடுவோமே" என்றாள். ஆண்டிற்கு ஒரு முறை, பத்து நாள் விடுப்பில் ஊர் காணும் குடும்பங்களில் இது சிறு சொல்லன்று. நாங்கள் விடை தேடுமுன் அவளுடைய அண்ணனே, "அந்தச் சின்னப் பலூன் ஓடினதைப் பார்த்தாயல்லவா? பெரிய பலூனும் அப்படி ஓடிப்போய்க் கம்பியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்றான். முந்தைய இரவு அவனுக்குச் சொல்லியிருந்ததைத் தங்கைக்குத் தன் சொற்களில் சொல்லிவிட்டான். அவள் முழுவதும் தேறினாள் என்று சொல்லோம்; ஆனால் அழவில்லை.

சிறுவன் சொன்னது வெறும் கற்பனையன்று. 2012ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் நியூசிலாந்தின் கார்ட்டர்டன் அருகே பலூனொன்று மின்கம்பியில் பட்டு எரிந்ததில் 11 பேர் மாண்டனர். காற்று விரையும்போது கம்பிகளும் மரங்களும் மிக வேகமாக எதிர்ப்படும். இறங்கிய கூடையும் நிலைகொள்ளாமல் தரையில் இழுபடும். பறப்பதில்லை என்று சொல்லும் ஓட்டுநரைக் குழந்தைகளின் முன்னிலையில் ஏசுதல் எவ்வளவு தகாதது என்பதை இதனின்று உணரலாம்.

மறுநாட் காலை காற்று அடங்கியிருந்தது. மேலே எழுந்த காட்சியைவிட, தரையில் நிகழும் ஆயத்தமே குழந்தைகளுக்கு விருந்து. முதலில் நீண்ட நைலான் பையைப் புல்லின்மேல் விரிக்கின்றனர். பெரிய விசிறியால் குளிர்ந்த காற்றை அதனுள் செலுத்த, அது படுத்திருக்கும் யானையைப் போல் மெல்ல மெல்லப் புரள்கிறது. பின்னர் ஓட்டுநர் பர்னரைத் திறந்து தீயை உள்ளே பாய்ச்சுகிறார். பை எழுந்து நிமிர்கிறது. கூடை ஏன் பிரம்பினால் ஆனது என்று மகன் வினவினான். இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை வளைந்து ஏற்றுக்கொள்ளும் தன்மை பிரம்புக்கு உண்டு என்பதே காரணம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் இடத்தைப் பிற பொருள்கள் முற்றிலும் பறித்துவிடவில்லை.

பர்னரின் முழக்கத்தை மட்டும் குழந்தைகளுக்கு முன்கூட்டியே உணர்த்திவிடுக. புகைவண்டி நீராவி விடுவது போன்ற பேரொலி. உடன் நெருப்பின் ஒளியும் வெப்பமும். படங்களில் ஓசையில்லாமல் மிதக்கும் பலூனையே கண்டிருந்த எங்கள் மகள், முதல் முழக்கத்தில் பாட்டியாரின் சேலைத் தலைப்பினுள் புகுந்துகொண்டாள். ஐம்பது அறுபது அடி தள்ளி நின்றபின், தலைப்பின் இடுக்கு வழியே ஒரு கண்ணால் பார்க்கலானாள். ஐந்தாவது பலூன் எழுந்தபோது கைதட்டினாள். சிறு குழந்தைகளைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அருகே அழைத்துச் செல்வதே முறை. தோளில் தூக்கிக்கொண்டு நேரே தீயருகே நிற்பது வேண்டா.

பாட்டியாரோ பலூனைவிட அது இறங்கப்போகும் இடத்தைப் பற்றியே கவலை கொண்டார். "பயிர் நிற்கிற காட்டில் இறங்கினால் பண்ணையக்காரன் என்ன செய்வான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பலூனையும் தரையில் ஒரு வண்டி பின்தொடர்ந்து செல்கிறது. அறுவடையான வயலையோ தரிசையோ நாடுவதும், நிலக்காரரிடம் பேசிக்கொள்வதும், பையை மடித்து ஏற்றிவருவதும் உடன் வருவோரின் பணி. தென்னந்தோப்புகள் நிறைந்த பொள்ளாச்சியில் அத்தகைய வெளியைக் கண்டு இறங்குவதே ஓட்டுநரின் திறமைக்குச் சோதனை.

குழந்தைகளையும் கூடையில் ஏற்றலாமா எனின், ஐந்து வயதினருக்கு வேண்டா என்பதே எங்கள் கருத்து. கூடையின் சுவர் அவர்களின் தலைக்கு மேல் நிற்கும். காண்பது பிரம்புப் பின்னலையும் தலைக்குமேல் எரியும் தீயையுமே. இறங்கும் வேளையில் முழங்காலை மடக்கிப் பிடியை இறுகப் பற்றி நிற்கச் சொல்வர். அக்கட்டளையைச் சிறு குழந்தை அந்நேரத்தில் கேட்கும் என்பது நிச்சயமில்லை. கயிற்றால் கட்டிச் சற்றே உயர்த்தி இறக்கும் பலூன் வளர்ந்த சிறுவர்களுக்கு ஏற்றது. இதற்கும் வயது, உயர வரம்புகள் இருத்தல் கூடும். வரிசையில் நிற்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்க. அதிகாலையில் எழ இயலாத மழலைகளுக்கு மாலைக்காட்சி உண்டு. இத்தகைய விழாக்களில், பொழுது சாய்ந்தபின் பலூன்களைத் தரையிலேயே நிறுத்தி, பர்னர்களை விட்டுவிட்டு எரியச் செய்வர். இருளில் அவை கார்த்திகை விளக்குகளைப் பெரிதாக்கி வைத்தாற்போல் ஒளிரும். பறத்தலுக்குக் காற்று இடந்தராத நாளிலும் சில வேளை இது நடைபெறும்; மிகுந்த காற்றாயின் இதுவும் இல்லை.

தை மாத விடியலில் பொள்ளாச்சியில் பனி பெய்யும். டெல்லிக் குளிரில் வளர்ந்த பிள்ளைகள் கம்பளி வேண்டா என்பர். எனினும் காதுகளை மூடுவது ஒலிக்கும் உதவும். பருகுவதற்கு வெந்நீரும், காத்திருக்கும் நேரத்திற்கு முறுக்கோ கடலை மிட்டாயோ கையில் இருக்கட்டும். நெருங்கிய கூட்டத்தில் தவறிவிட்டால் எங்கு வந்து நிற்பது என்பதை நுழைந்தவுடனே குழந்தைகளுக்குக் காட்டி வைக்க. தமிழ் சரளமாக வாராத பிள்ளையாயின், தாத்தா பெயரையும் தொலைபேசி எண்ணையும் தமிழிலேயே சொல்லப் பழக்கியிருத்தல் நன்று.

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். விடியுமுன் திடலை அடையவேண்டியிருப்பதால், முந்தைய இரவே பொள்ளாச்சியிலோ அருகிலுள்ள உறவினர் இல்லத்திலோ தங்குவது குழந்தைகளுக்கு உகந்தது. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். விழா நாட்களை அறிந்துகொண்டு திரும்பும் பயணத்தை வகுக்குங்கால், பலூனுக்கென ஒரு காலையன்று, இரண்டு காலைகளை ஒதுக்கிவைக்க.