சுருள் விழும், தூள் மிதக்கும்



புனித சூசையப்பரின் தச்சுப் பட்டறையைக் காட்டும் படமொன்றினை நீங்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள். மேசையின் மீது சீவுளி. அதனருகே உளியும் வாளும். தரையில் சுருள் சுருளாய்ச் சிதறிக் கிடக்கும் மரச்சீவல்கள். ஆனால் தச்சுத் தொழிலின் ஒரு பகுதியை அத்தகைய படங்களில் நாம் காண்பதில்லை. அது காற்றில் மிதக்கும் மரத்தூள்.

ஓவியரைக் குறை சொல்வதற்கில்லை. சீவுளி மரத்தைச் சீவுகின்றது. சீவப்பட்டது சுருளாகித் தச்சரின் காலடியில் விழுந்துவிடுகின்றது. அரத்தாளோ மரத்தைத் தேய்க்கின்றது. தேய்ந்தது மாவினும் நுண்ணிய தூளாகி மேலெழுகின்றது. சுருள் விழும், தூள் மிதக்கும். விழுவதைக் கூட்டி அள்ளலாம். மிதப்பதை, அருகில் நிற்பவர் மூச்சோடு உள்ளிழுக்கின்றார். இவ்வாரம் நாம் சிந்திக்கவிருப்பது இந்தத் தூளைப் பற்றியே.

இன்று நமது வீட்டுத் தளபாடங்களுக்கும் ஆலய வாங்குகளுக்கும் இறுதி மழமழப்பைத் தருவது பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்கும் அரத்தாள் இயந்திரமே. அவற்றுள் ‘றன்டம் ஓர்பிற்றல் சாண்டர்’ எனப்படுவது பெரிதும் விரும்பப்படுகின்றது. அதன் அடியில் 125 அல்லது 150 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டத் தட்டு உண்டு. மோட்டார் அத்தட்டினை நடுப்புள்ளியிலிருந்து சற்றே விலகிய அச்சில் சிறு சிறு வட்டங்களாக அசைக்கின்றது. நிமிடத்திற்கு 12,000 தடவை வரையும் இவ்வசைவு நிகழக்கூடும். அதே வேளையில் தட்டு தன்னைத்தானே தடையின்றிச் சுற்றிக்கொள்கின்றது. இவ்விரு அசைவுகளும் கலப்பதால் அரத்தாளின் எந்தவொரு மணலும் தான் சென்ற வழியிலேயே மீண்டும் செல்வதில்லை. மரத்தில் கீறல் தெரியாதிருப்பதன் இரகசியம் இதுவே. ஆயினும் கை பல மணி நேரம் தேய்த்து எழுப்பும் தூளை இந்த இயந்திரம் சில நிமிடங்களில் எழுப்பிவிடுகின்றது.

“மரத்தூள்தானே, மண்ணில் விளைந்த மரத்தின் தூள் என்ன செய்துவிடும்?” என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்விக்கு இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரம் விடை கூறுகின்றது. பீச் மரக்காடுகள் சூழ்ந்த அந்நகரம் நாற்காலி செய்வதில் நீண்ட காலமாகப் புகழ் பெற்றது. 1960களில் அங்கு பணியாற்றிய காது, மூக்கு, தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணரான எஸ்மி ஹாட்பீல்ட் என்னும் பெண் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். மூக்கின் உட்குழிகளில் தோன்றும் மிக அரிதானதொரு புற்றுநோயுடன் தம்மிடம் வந்தவர்களுள் தளபாடத் தொழிலாளர் மிகுந்திருந்தனர். அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 1968ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. மறு ஆண்டே, 1969இல், அந்நோய் தொழில்சார் நோயாகப் பிரித்தானிய அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1995ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்துபவற்றின் முதலாம் பிரிவில் சேர்த்தது.

அத்தொழிலாளர் தூளைச் சுவாசித்த நாளிலேயே நோயுறவில்லை என்பதை நாம் மனதிற் கொள்ள வேண்டும். தூளுக்கும் நோய்க்கும் இடையே பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. இருபது வயதில் பட்டறைக்குச் சென்றவர், பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரே அதன் விலையைச் செலுத்தினார். “நான் முப்பது வருடமாய் இந்தத் தூளுக்குள்தான் நிற்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லும் தச்சரின் உறுதி நம்மை அமைதிப்படுத்தக் கூடாது என்பது இதனாலேயே.

புற்றுநோய் மாத்திரமன்று, தொய்வு, ஓயாத தும்மல், தோல் அழற்சி ஆகியனவும் மரத்தூளினால் வரலாம். நமது நாட்டில் பெருமதிப்புப் பெற்ற முதிரை மரத்தின் தூள் சிலருடைய தோலில் அரிப்பையும் அழற்சியையும் உண்டாக்கும். பழைய கதவையோ கட்டிலையோ தேய்க்கும்போது இன்னுமோர் ஆபத்து உண்டு. பழைய வர்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடானது.

அவ்வாறெனில் எவ்வளவு தூள் அதிகம்? பிரித்தானியாவில், எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீற்றர் காற்றில் 3 மில்லிகிராமுக்கு மேல் வன்மரத்தூள் இருக்கலாகாது என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் அது 2 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் நிறையோ ஏறத்தாழ 20 மில்லிகிராம். அதில் ஒரு சிறு துணுக்கின் அளவே எல்லையாயின், பட்டறையின் மூலையில் சாக்குச் சாக்காய்க் குவியும் தூளைக் குறித்து என்ன சொல்வது?

தீர்வு, தூளை அது பிறக்கும் இடத்திலேயே பிடித்துவிடுவதாகும். இயந்திரத்தின் தட்டிலும் அரத்தாளிலும் துளைகள் உள்ளன. அத்துளைகளின் வழியாகவே தூள் உள்ளே இழுக்கப்படுகின்றது. இயந்திரத்தோடு வரும் சிறு துணிப்பை பருத்த தூளைத் தேக்குமேயன்றி, நுண்தூளில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். ஆகையால் குழாய் மூலம் தூசு உறிஞ்சும் இயந்திரமொன்றை இணைப்பதே சிறந்தது. ஐரோப்பியத் தரத்தில் இவ்வியந்திரங்கள் எல், எம், எச் என மூன்று வகைப்படும். மரத்தூளுக்கு உரியது எம் வகை. உள்ளே சென்ற தூளில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு மேல் அதன் வடிகட்டி வெளிவிடாது. குழாயில் காற்றோட்டம் குறைந்தால் ஒலியெழுப்பி அல்லது விளக்கேற்றி எச்சரிக்கவும் செய்யும்.

இதனால் நன்மை பெறுவது மூச்சு மட்டுமல்ல. வேலையும் நன்மை பெறுகின்றது. அரத்தாளுக்கும் மரத்துக்குமிடையே தூள் தேங்கினால் தாள் விரைவில் அடைபடும். மரத்தில் பன்றிவால் போன்ற சுருட்கீறல்கள் விழும். வர்ணிஷ் பூசிய பின்னர் அவை பளிச்செனத் தெரியும். தூள் உடனுக்குடன் அகற்றப்பட்டால் தாளும் நெடுநாள் உழைக்கும், பலகையும் சீராகும்.

வீட்டிலோ பட்டறையிலோ இவ்வியந்திரத்தைப் பாவிப்போர் சிலவற்றைக் கைக்கொள்ளட்டும். அரத்தாளின் துளைகள் தட்டின் துளைகளோடு பொருந்துகின்றனவா என முதலில் பாருங்கள். பொருந்தாவிடில் உறிஞ்சியால் பயனில்லை. தட்டினை மரத்தில் வைத்த பின்னரே இயந்திரத்தை இயக்குங்கள். அழுத்த வேண்டாம், அழுத்தினால் தட்டு சுற்றுவது நின்று கீறல் விழும். விநாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் என்ற அளவில் மெதுவாக நகர்த்துங்கள். 80, 120, 180 என அரத்தாளின் இலக்கங்களை ஒழுங்காகக் கடந்து செல்லுங்கள். உறிஞ்சி இருந்தாலும் என் 95 போன்ற முகக்கவசத்தை முகத்தோடு இறுகப் பொருந்துமாறு அணியுங்கள். கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. முடிந்ததும் காற்றடித்தோ விளக்குமாற்றால் கூட்டியோ தூளை மீண்டும் எழுப்பாமல், உறிஞ்சியால் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடையைக் களைந்த பின்னரே குழந்தையைத் தூக்குங்கள்.

வாசகர்களே, உங்களில் பலர் தச்சரல்லர். ஆயினும் தச்சரிடம் வேலை கொடுப்பவர்கள் நீங்கள். மகளின் திருமணத்திற்கு அலுமாரி செய்விக்கின்றீர்கள். பங்கின் பெருவிழாவிற்கு முன்னர் வாங்குகளைத் தேய்த்து மெருகூட்டச் சொல்கின்றீர்கள். விலை பேசும்போது எதை முதலில் குறைக்கின்றோம்? மரத்தைக் குறைப்பதில்லை, வர்ணிஷைக் குறைப்பதில்லை. தச்சர் தமக்காகச் செலவிடக் கூடியதையே குறைத்து விடுகின்றோம். வடிகட்டி மாற்றப்படாமற் போகின்றது. முகக்கவசம் வாங்கப்படாமற் போகின்றது. பட்டறையில் தொழில் பழகும் பதினெட்டு வயது இளைஞனுக்கு அவை தேவையென்ற எண்ணமே எழாமற் போகின்றது.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டு, மே முதலாம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைக் குறித்து எழுதிய திருமடலில், உடல்நலத்திற்குத் தீங்கு விளைவிக்காத பணிச்சூழல் தொழிலாளரின் உரிமை எனக் குறிப்பிட்டார். உரிமை என்பது நாம் இரங்கிக் கொடுக்கும் கொடையன்று. கொடுக்க வேண்டிய கடன்.

ஆகவே அடுத்த முறை தச்சுப் பட்டறையொன்றிற்குச் செல்லும்போது ஒரு காரியம் செய்யுங்கள். யன்னல் வழியே வெயிற்கதிர் உள்ளே விழும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். கதிரினுள் தூள் மினுமினுத்து மிதந்தால், அது அங்கு மட்டுமல்ல, பட்டறையெங்கும் மிதக்கின்றது. வெயில் அதனைக் காட்டிக்கொடுக்கின்றது, அவ்வளவே. அப்போது தச்சரிடம், “ஐயா, தூசு உறிஞ்சிக்கும் முகக்கவசத்திற்கும் ஆகும் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறுங்கள். ஆலயத்தில் நாம் முழந்தாளிடும் பலகை மழமழப்பாக இருக்கட்டும்; அதனைத் தேய்த்தவரின் மூச்சும் தடையின்றி இருக்கட்டும்.