தாராக்குஞ்சும் தளரா முயற்சியும்



டென்மார்க்கில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய கதைகளுள் ஒன்று ‘அழகற்ற தாராக்குஞ்சு’. ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் எழுதி 1843ஆம் ஆண்டு கொப்பன்கேகனில் வெளியான இச்சிறுகதை, ஓர் இளம் உயிர் இன்னல்களினூடே வளர்ந்து தன்னை அறிந்துகொள்வதைக் கூறுகின்றது.

பல நாட்டுக் கதைகளிலும் சில உருவங்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கிறோம். இவற்றைத் தொல்படிமங்கள் என்பர். சுவிற்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். மாற்றார் மனையில் வளரும் பிள்ளை அத்தகையதோர் உருவம். ஆற்றில் விடப்பட்டுத் தேரோட்டியின் இல்லத்தில் வளர்ந்த கர்ணனை நாம் அறிவோம். தாராக்கூட்டில் பொரித்த அன்னக்குஞ்சும் அவ்வகையினதே. தனிவழிப் பயணம் மற்றொன்று. போலிப் புகலிடம் இன்னொன்று. கிழவியின் குடிசையில் வாழும் கோழியும் பூனையும், முட்டையிடவோ முதுகை வளைக்கவோ தெரியாத குஞ்சுக்குக் கருத்துக் கூறும் உரிமையே இல்லை என்கின்றன. இறுதியாக வருவது கடுங்குளிர் என்னும் சோதனை.

குளத்து நீர் உறைந்துவிடாதிருக்கக் குஞ்சு ஓயாது கால்களை அசைத்து நீந்துகின்றது. நீர்ப்பரப்போ இரவுக்கு இரவு சுருங்குகின்றது. களைத்துப் பனிக்கட்டியில் சிக்குண்ட அதனை, ஒரு குடியானவர் தமது மரக்காலணியால் பனியை உடைத்து மீட்கின்றார். முயற்சியுடையோர்க்கும் பிறர் உதவி வேண்டும் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

அன்ன முட்டையிலிருந்து வந்தது அன்னமாயிற்று. இதில் முயற்சிக்கு என்ன பங்கு எனச் சிலர் வினவலாம். சிறகைத் தந்தது பிறப்பு. வசந்தம்வரை அதனைக் கொண்டு சேர்த்தது முயற்சி. அன்னங்கள் தன்னைக் கொன்றுவிடும் என்று எண்ணியும் அது அவற்றை நோக்கிச் செல்கின்றது. அத்துணிவின் பின்னரே நீரில் தன் உருவைக் காண்கின்றது.

அண்டர்சனின் வாழ்வும் இத்தகையதே. 1805இல் ஓடென்ஸ நகரில் ஏழைச் சப்பாத்துத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் தனியே தலைநகர் சென்றார். 17 வயதில், தம்மிலும் மிக இளைய சிறுவருடன் வகுப்பில் அமர்ந்து கற்றார்.

அன்னங்கள் நாம், தாராக்கள் பிறர் எனப் பொருள் கொள்ளலாகாது. புகழப்பட்டபோதும் அவ்வன்னம் செருக்குறவில்லை. பெற்றோர்களே, வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வருவோரே பிள்ளைகள் எனக் கூறி, நாமே அந்தக் கோழியும் பூனையுமாக மாறிவிடலாகாது. நிறத்தாலும் பெயராலும் வேறுபட்டு நிற்கும் நம் சிறுவர்க்குத் தம் உருவைக் காண ஒரு நீர்நிலை வேண்டும், தாய்மொழி அதற்குதவும். இக்கதையை அவர்கள் டெனிஷில் வாசித்து, வீட்டில் தமிழிற் சொல்லக் கேளுங்கள் என வேண்டுகிறோம்.