கடைத்தெரு – 9: டட்லிக்குப் பிறகு வந்த விதி

சென்ற வாரம் பிரான்சின் 1973-ஆம் ஆண்டு ரோயே சட்டத்தைப் பார்த்தோம். பெரிய கடை திறக்க, உள்ளூர் வணிகர்களும் உறுப்பினராக இருந்த குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே விதி காக்க நினைத்தது கடைக்காரரை அல்ல, கடைத்தெருவை. அந்த நினைப்பும் பட்ட பிறகுதான் வந்தது.

பட்ட ஊர்களில் ஒன்று டட்லி. பர்மிங்காமுக்கு மேற்கே, இரும்பாலும் நிலக்கரியாலும் வளர்ந்த பழைய நகரம். 1982 டிசம்பரில் அருகிலிருந்த ரவுண்ட் ஓக் எஃகு ஆலை மூடப்பட்டது. நொடித்துப்போன தொழில் பகுதிகளில் தாட்சர் அரசு சலுகை மண்டலங்களை அறிவித்துவந்த காலம் அது. டட்லி அருகிலும் அப்படி ஒன்று அமைந்தது. அந்த மண்டலத்தில் பத்தாண்டுகளுக்குக் கட்டட வரி கிடையாது. கட்டுமான அனுமதிக்கான விதிகளும் தளர்த்தப்பட்டிருந்தன. தொழிற்சாலைகள் வர வேண்டிய நிலத்தில் மெர்ரி ஹில் என்ற மாபெரும் வணிக வளாகம் எழுந்தது. 1985-இல் முதல் கடைகள் திறந்தன. 1989-க்குள் வளாகம் முழுமையடைந்தது. காரை நிறுத்தக் கட்டணம் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, வரி கட்டிக் கடை நடத்திய டட்லிக்காரர்கள் இதற்கு எப்படி ஈடுகொடுப்பார்கள்? 1990-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் டட்லிக் கிளையை மூடிவிட்டு மெர்ரி ஹில்லுக்குப் போனது. அதை நாடி வந்த கூட்டத்தை நம்பியிருந்த சிறு கடைகளுக்கும் அது அடி. சந்தையில் இதெல்லாம் இயல்பு என்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தரப்புக்கு மட்டும் வரியைத் தள்ளுபடி செய்துவிட்டு நடந்த போட்டி இது.

1996-இல் அமைச்சர் ஜான் கம்மர் காலத்தில் விதி இறுகியது. பெரிய கடை கட்ட விரும்புபவர் முதலில் நகர மையத்தில் இடம் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால் மையத்தின் ஓரம். இரண்டும் அமையாவிட்டால்தான் ஊருக்கு வெளியே. இடமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. இந்தக் கடைசி அம்சத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பல கிளை நிறுவனத்தின் வழக்கறிஞர்களோடு சிறு நகராட்சி மல்லுக்கட்டும்போது, யார் நிரூபிக்க வேண்டும் என்பதே பாதி முடிவு.

ஆனால் ஊருக்கு வெளியே கதவு ஒடுங்கியதும், நிறுவனங்கள் தெருவுக்குள்ளேயே சிறு கிளைகளைப் பெருக்கின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். சிறு கடைக்குக் கிடைத்த அந்தச் சலுகைக்குள் தாங்களும் அடங்கும்படி, டெஸ்கோ எக்ஸ்பிரஸ் போன்ற கிளைகள் அளவைக் குறைத்து வந்தன. இங்கிலாந்தில் மதுக்கூடத்தைக் கடையாக மாற்ற 2017 வரை பொதுவாகத் தனி அனுமதி தேவைப்படவில்லை. மூடிய மதுக்கூடங்கள் பல அப்படியே சூப்பர்மார்க்கெட் கிளைகளாயின. அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க ஒரு விண்ணப்பம்கூட இருக்கவில்லை.

இடத்தையும் பரப்பளவையும் கேட்கும் விதி, கடை யாருடையது என்று கேட்பதில்லை. தெருமுனையில் காய்கறி விற்பவருக்கும் நாடெங்கும் கிளை பரப்பிய நிறுவனத்துக்கும் அதன் முன் ஒரே தகுதி. 2020-இல் கடை, உணவகம், அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் ஒரே வகைக்குள் சேர்க்கப்பட்டன. ஒன்றை இன்னொன்றாக்க அனுமதி வேண்டியதில்லை. நகராட்சியின் கையிலிருந்த பிடி மேலும் தளர்ந்தது. புதுக் கட்டடங்களில் சிறு கடைக்கென்று அளவு வரம்புடன் இடம் ஒதுக்கச் சொல்லும் அதிகாரத்தையாவது உள்ளூர் மன்றங்கள் விடாமல் பயன்படுத்த வேண்டும்.

அடுத்த வாரம் ஜப்பான்: பெரிய கடைகளைக் கட்டுப்படுத்திய 1973-ஆம் ஆண்டுச் சட்டமும், அதைத் தளர்த்த அமெரிக்கா கொடுத்த நெருக்கடியும்.

(தொடரும்)