காலியிடம் இருந்தும் ஏறாத கல்யாண வீடியோ

கோட்டைப்பட்டினத்தில் நடக்கும் கல்யாணத்தின் வீடியோ ஊரோடு நின்றுவிடுவதில்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வேலைக்குப் போயிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் மச்சான்மார்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும். விடுமுறைக்கு வந்து திரும்புகிறவரிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்தனுப்புவது நல்ல வழிதான். ஆனால் காப்பி போடும்போது, கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுத்துவிடுகிறது. பென் டிரைவோ 32 ஜிபி, முக்கால்வாசி காலி. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரர் மீது கோபம் வருவது இயல்பு. கடைக்காரர் மேலும் தவறில்லை, பென் டிரைவிலும் பழுதில்லை. அது ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதை எழுதி வைக்கும் பேரேடு ஒன்று ஒவ்வொரு பென் டிரைவுக்குள்ளும் உண்டு. அதை எழுதும் முறைக்குத்தான் ஃபைல் சிஸ்டம் என்று பெயர். ஃபேட் 32 வந்தது 1996-ல், விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்போடு. சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் 'தம்ப் டிரைவ்' என்ற பெயரில் பென் டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 2000-ல்தான். அதற்கு நான்கு ஆண்டு மூத்த முறை இது. இதில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடம் மட்டுமே உண்டு. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க்கே ஓரிரு ஜிபியாக இருந்த காலத்தில் அது தாராளம். இன்று நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் எச்டி வீடியோ, சுமார் 23 நிமிடத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

பெரிய கோப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு செய்யும். நடுவில் மின்சாரம் போனாலும் பேரேடு குழம்புவது குறைவு. ஆனால் ஆப்பிள் மேக் கணினி அதைப் படிக்குமே தவிர, தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. கார் பிளேயர்கள் பல அதைக் கண்டுகொள்வதே இல்லை. இன்னொன்று 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட். பென் டிரைவ், மெமரி கார்டு போன்றவற்றுக்கென்றே உருவானது. விண்டோஸும் மேக்கும் இதில் படிக்கும், எழுதும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள மெமரி கார்டுகள் இந்த முறையில்தான் வருகின்றன.

எக்ஸ்ஃபேட்டின் முன்கதை நம் மாணவர்களையும் தொட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்த்துத் தரப்பட்டது. எக்ஸ்ஃபேட் அப்போது மைக்ரோசாஃப்டின் காப்புரிமைக்குள் இருந்தது. அதனால் எக்ஸ்ஃபேட் பென் டிரைவை லினக்ஸில் திறக்கத் தனி மென்பொருள் நிறுவ வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. அந்த நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4-ல் அது சேர்ந்தது. ஊரெங்கும் புழங்கும் ஒரு சேமிப்பு முறையின் சாவி ஒரே நிறுவனத்தின் கையில் அத்தனை ஆண்டுகள் இருந்திருக்கவே கூடாது. பழைய அரசு மடிக்கணினியை இன்னும் பாஸில் ஓட்டுகிறவர்கள், பழைய லினக்ஸில் எக்ஸ்ஃபேட் தானாகத் திறக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஃபார்மேட் செய்ய வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பென் டிரைவின் அளவைப் பார்த்து முடிவு செய்வதைவிட, அது கடைசியாக எந்தக் கருவியில் செருகப்படும் என்று கேட்பதே சரி. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் மடிக்கணினியில் போட்டுப் பார்ப்பார் என்றால் எக்ஸ்ஃபேட். வீட்டில் இருக்கும் பழைய டிவி, கார், புளூடூத் ஸ்பீக்கர் என்றால் ஃபேட் 32. வீடியோவை 4 ஜிபிக்குக் குறைந்த துண்டுகளாகத் தரும்படி ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டிவிக்கென்று வாங்கும்போது 32 ஜிபிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி ஃபேட் 32-ஐக் காட்டுவதில்லை. என்டிஎஃப்எஸ், விண்டோஸ் கணினிகளுக்குள் மட்டுமே சுற்றும் டிரைவுக்குப் போதும்.

எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட் 32-லும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏற்பாடு கிடையாது. காப்பி ஓடும்போது பிடுங்கினால் அந்த வீடியோ மட்டுமல்ல, பேரேடே சிதையலாம். 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள்.

ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். ஃபேட் 32-ஐ உள்ளிருப்பது அழியாமல் என்டிஎஃப்எஸ்ஸாக மாற்ற விண்டோஸில் 'கன்வெர்ட்' என்ற கட்டளை உண்டு. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற அப்படி ஒரு கட்டளை இல்லை. தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டால் அந்தப் பென் டிரைவில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். 'குயிக் ஃபார்மேட்' பேரேட்டைத்தான் புதிதாக்குகிறது. பழைய வீடியோ அங்கேயே கிடக்கும், மீட்பு மென்பொருளால் அதை எடுக்க வாய்ப்பு உண்டு.