உங்களுக்குத் தெரியுமா? பட்டை கூடினால் பிடிப்பு குறையும்!

2014-இல் தயாரிப்பு நின்ற அம்பாசிடரின் பின்பக்கக் கமான் கட்டில் ஒரு பட்டை சேர்த்தால், வளைவில் பின் டயர்களின் பிடிப்பு கூடாது, குறையும். பின்பக்கம் விறைக்க விறைக்க, திரும்பும்போது எடை வெளிப்புற டயரில் அதிகம் இறங்குகிறது; அந்த எடைக்கு ஈடாகப் பிடிப்பு வளர்வதில்லை. பட்டையின் தடிமன் இரட்டித்தாலோ விறைப்பு 8 மடங்கு!

“பட்டை கூட்டியபின் வண்டி நன்றாகத் திரும்புகிறதே” என்பார்கள். உண்மைதான், முன் டயர்களின் சுமை சமப்படுவதால் மூக்கு விலகாது. ஆனால் தூறல் விழுந்த சாலையில் காலி வண்டியின் பின்பக்கம் வழுக்குவதற்கும் அந்தக் கூடுதல் பட்டையே காரணம். பாரம் ஏற்றுவோருக்குப் பட்டை தேவை. மற்றவர்கள் வீட்டிலேயே வண்டியில் கைவைப்பதானால், தேய்ந்த புஷ்ஷையும் எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரையும் முதலில் மாற்றட்டும். கூட்டிய பட்டையைக் கழற்றினாலும் அது வீணாகாது: திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் கமான் பட்டைதான் அரிவாளாகிறது.